மகதலேனா அக்கா மரியாதையாகத் தோற்ற வழக்கு

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் மகதலேனா அக்காவின் ஆப்பம் தின்னாமல் எந்த டிரைவரும் எஞ்சினை நகர்த்தியதில்லை. கணவர் இறந்தபின், விடியுமுன் கூடையைத் தலையில் ஏற்றி வீடு வீடாக நடப்பதுதான் அக்காவின் பிழைப்பு.

1934இல் கண்ட்ராக்டர் கிரிகரி தெருவின் குறுக்கே சாக்கடைக்குப் பள்ளம் வெட்டினார். வேலி போடவில்லை, விளக்கும் வைக்கவில்லை. மாதா கோயிலில் முதல் வரிசைக்காரர் அல்லவா, வெளிச்சத்தைக் கடவுளின் பொறுப்பில் விட்டிருப்பார். அக்கா கூடையோடு உள்ளே விழுந்தார். கால் முறிந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார் கிரிகரி.

"என் தப்புதான் தங்கச்சி. ஒரு விளக்கு வச்சிருக்கணும்."

"ஐயோ, என்னண்ணே நீங்க! நான்தான் பார்த்து நடந்திருக்கணும். என் தப்புதான்."

"இல்லல்ல, என்னுது."

"சும்மா இருங்கண்ணே, என்னுதுதான்."

பக்கத்துக் கட்டில் புஷ்பவல்லிக்குப் பொறுக்கவில்லை. "சண்டை போடாதீங்க. தப்ப எங்கிட்ட குடுத்துடுங்க, பழத்தோட சேர்த்து."

எலும்பு கோணலாகச் சேர்ந்தது. இனிக் கூடை சுமக்க முடியாது. வக்கீல் கிளாரன்ஸ் நம்பிக்கை ஊட்டினார்.

"பள்ளம் வெட்டுறவருக்கு, அந்த வழியா நடக்கிறவங்கள காப்பாத்துற கடமை இருக்குக்கா. அதுல தவறினாரு. அதனாலதான் உங்க கால் போச்சு. இந்த மூணையும் காட்டினா நஷ்டஈடு கிடைக்கும். உக்காந்த இடத்துல கடை போட்டுக்கலாம்."

சிவில் கோர்ட்டில் கிரிகரியின் வக்கீல் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஆஸ்பத்திரியில் 'என் தப்புதான்' என்று சொன்னீர்களா?"

"பழத்தோட பார்க்க வந்த மனுஷங்கிட்ட பின்ன என்னங்க சொல்றது?"

மொழிபெயர்ப்பாளர் சிக்கனக்காரர். இதை நீதிபதிக்கு ஒரே சொல்லில் தந்தார்: "ஆம்."

கிளாரன்ஸ் அவசரமாகப் புஷ்பவல்லியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்.

"அவரும் தன் தப்புன்னாரு, இவங்களும் தன் தப்புன்னாங்க. நான்தான் விலக்கிவிட்டேன்!"

இருவர்மீதும் கவனக்குறைவு என்று நீதிபதி முடிவுசெய்தார். அப்படியானால் பாதி நஷ்டஈடாவது கிடைக்கும் என்று நினைப்பீர்கள். அன்றைய வெள்ளைக்காரச் சட்டத்துக்கு அவ்வளவு கணக்கு வராது. வாதியின் கவனக்குறைவும் விபத்துக்குக் காரணமென்றால் வாதிக்கு ஒன்றுமே கிடையாது. தப்பு இருவருக்கும் பொது. நொண்டுவது மட்டும் அக்காவின் தனிச்சொத்து.

நான் கப்பலேறிப் போய்ப் பார்த்த லண்டனில், காலை மிதித்தவரும் மிதிபட்டவரும் ஒரே மூச்சில் மன்னிப்புக் கேட்பார்கள். அதை யாரும் சாட்சியமாக எழுதிக்கொள்வதில்லை. எழுதிக்கொள்ளும் வேலையை நமக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் போலும்.

கோர்ட் வாசலில் கிரிகரி தொப்பியைக் கழற்றினார். "மனசுல வச்சுக்காதீங்க தங்கச்சி."

அக்கா ஊன்றுகோலைத் தரையில் அழுத்தி நிமிர்ந்தார்.

"வச்சுக்குவேன். தப்பு முழுக்க உங்களுதுதான்."

கிளாரன்ஸ் சட்டென்று திரும்பி உள்ளே பார்த்தார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டிருந்தார்கள்.