கறியில் விளைந்த நெல்

நரிக்குடிப் பக்கத்துச் சம்சாரி காளிராஜுக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, அவர் வீட்டுக் காளைகள் ஒருநாளும் நடு உழவில் படுத்ததில்லை. மற்றது, ஆடி மாதம் பங்காளிகள் கூடிக் கருப்பசாமிக்குப் பன்றி வெட்டும்போது சமையல் அவர் பொறுப்பு. இருபது வருடமாக வேறு யாரும் அந்தக் கரண்டியைத் தொட்டதில்லை. அவர் தொட விட்டதும் இல்லை. மனிதர் கொஞ்சம் வீம்புக்காரர்.

அந்தச் சமையலில் ஒரு சங்கடம். சாமிக்குப் படைக்கும் முன் உப்புக்கூடப் பார்க்கக் கூடாது. வெந்ததா வேகவில்லையா என்பதை வாசனையை வைத்தே சொல்ல வேண்டும். போதாக்குறைக்கு அந்தப் பங்காளிகளுக்குள் ஒரு நம்பிக்கை. சில வருடங்களில் வெட்டிய பன்றியின் கறிக்குள் அரிசி அரிசியாக வெள்ளை மணிகள் தெரியும். அதை ‘நெல் விழுந்த கறி’ என்பார்கள். அந்த வருடம் கண்மாய் நிறையும், நெல் விளையும் என்று கருப்பன் காட்டும் அடையாளமாம் அது. வானத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து நொந்த ஊரில் இப்படி ஒரு நம்பிக்கை பிறக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். மணி குழைந்தால் மழை குறையும் என்று, அந்தக் கறியை மட்டும் இரண்டு கொதியில் இறக்கிவிடுவார் காளிராஜ். முதல் துண்டு சமைத்தவருக்கு. அடுத்த துண்டு சாமியாடி வெள்ளத்துரைக்கு. பிறகுதான் மற்றவர்களுக்கு.

எழுபத்து நாலாம் வருடம் பங்குனியில் காளிராஜுக்கு வயிறு சரியில்லை. இரண்டு ஆள் சோறு தின்றாலும் பசி அடங்கவில்லை. தின்றது உடம்பில் ஒட்டவும் இல்லை. ஒருநாள் கண்மாய்க்கரையில் ஒதுங்கியபோது, மலத்தோடு வெள்ளையாக, தட்டையாக நாடாத் துண்டுகள் விழுந்ததைப் பார்த்துவிட்டார். வெட்கத்தில் இரண்டு வாரம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவர் முகத்தை வைத்தே மனைவி முத்துத்தாய் விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

“எங்கிட்டச் சொல்ல என்ன வெக்கம்? பஸ்ஸுக்குக் கெளம்புங்க” என்று அருப்புக்கோட்டைக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் கேட்டுவிட்டு, “இது நாடாப்புழு. சரியா வேகாத பன்னிக்கறி சாப்பிட்டீங்களா?” என்றார்.

காளிராஜ் நெல் விழுந்த கறியைப் பற்றிச் சொன்னார், சற்றுப் பெருமையாகவே. டாக்டர் சிரிக்கவில்லை.

“அது நெல்லு இல்லைங்க, புழுவோட குஞ்சு. நீங்க கரையில ஒதுங்குறதுல புழு முட்டை கெடக்கு. பன்னி அதத் திங்குது. அதோட கறிக்குள்ள முட்டை மணியா வளருது. அந்தக் கறிய அரைவேக்காட்டுல தின்னா உங்க வயித்துக்குள்ள நாடாவா நீளுது.”

மாத்திரையை மென்று விழுங்கி, பேதி மருந்தும் குடித்தபின் புழு ஒழிந்தது. ஐந்து முழம் இருந்தது. ஒரு ஆள் சோறு மறுபடியும் போதுமானதாயிற்று. வயிறு தெளிந்தாலும் மனது தெளியவில்லை. இத்தனை வருடம் தன் கையால் அள்ளி அள்ளிப் பங்காளிகளுக்கு வைத்தது அதுதானே என்று அவருக்கு நெஞ்சு அறுத்தது.

ஆடி வந்தது. இரண்டு வருடமாக மழை பொய்த்து, கண்மாய் வெடித்துக் கிடந்தது. இந்த வருடம் மணி இருக்கக் கூடாது என்று கருப்பனையே வேண்டிக்கொண்டு காளிராஜ் பன்றியைக் கீறினார். உள்ளே பார்த்த இடமெல்லாம் மணி.

“கருப்பன் கண்ணத் தொறந்துட்டான்” என்றார் வெள்ளத்துரை. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

காளிராஜ் மனதுக்குள் கணக்குப் போட்டார். புழு என்று சொன்னால் சாமி நிந்தனை. கரண்டியைப் பிடுங்கி வேறொருவன் அதே இரண்டு கொதியில் இறக்கிப் பரிமாறிவிடுவான். சொல்லாவிட்டால் தெரிந்தே அத்தனை பேர் வயிற்றிலும் புழுவை வைத்த பாவம் அவருக்கு. கூடுதலாக வேகவிட்டாலோ மணி குழைந்து, மழையைக் கெடுத்தவர் ஆவார். கத்தியைக் கீழே வைத்தார்.

“நெல்லுதான் தந்துருக்கான், சரி. ரெண்டு வருசங் கழிச்சுச் சாமி தந்தது வெதநெல்லு. அத அவிச்சுத் தின்னுட்டா எத வெதைக்கிறது?”

விதைநெல்லைத் தின்பதைவிடக் கேவலம் சம்சாரிக்கு வேறில்லை. அந்தப் பஞ்சத்தில் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அதைச் செய்தவர்கள் அங்கேயே நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள்தான் முதலில் தலை குனிந்தார்கள்.

“அப்ப என்ன செய்யணுங்குற?” என்றார் வெள்ளத்துரை.

“பூமிக்குக் குடுப்போம்ணே. ஆளுயரம் தோண்டி வெதைப்போம்.”

வெள்ளத்துரை அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு திருநீற்றை அள்ளிக் கறிமேல் போட்டு, “வெதைங்கப்பா” என்றார். முழுப் பன்றியும் குழிக்குள் போனது. மேலே முள் வெட்டிப் போட்டார்கள். வெள்ளத்துரையின் ஆட்டுக் கொட்டத்திலிருந்தே ஒரு கிடா வந்தது. காளிராஜ் அதை எலும்பு கழலும்வரை வேகவைத்தார். கறி கஞ்சியாகிவிட்டது என்று முணுமுணுத்தவர்களும் இலையில் மிச்சம் வைக்கவில்லை. ஐப்பசியில் அரைக் கண்மாய் நிறைந்தது. அதற்குப் பிறகு மணி விழுந்த கறியை விதைப்பதே அவர்களுக்கு வழக்கமாகிவிட்டது.

அதெல்லாம் பின்னால். கிடா வெட்டிய அன்று சாயங்காலம், எல்லோரும் போனபின், காளிராஜும் வெள்ளத்துரையும் மட்டும் அண்டாவை மண் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சாமி எம்மேலதான வரும்? ஒங்கிட்ட எப்பப் பேசுச்சு?” என்றார் வெள்ளத்துரை.

அவரிடம் பொய் சொல்லக் காளிராஜுக்கு வாய் வரவில்லை. “சாமி பேசலண்ணே. டாக்டரு பேசுனாரு” என்று, வயிற்றுக் கோளாறிலிருந்து ஐந்து முழம் வரை ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடித்து, கரண்டியைக் கழுவி அவர் முன்னால் வைத்தார். இனி அது தனக்கில்லை என்றே நினைத்தார்.

வெள்ளத்துரை கரண்டியைப் பார்க்கவில்லை. சுற்றுமுற்றும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த டாக்டரு அருப்புக்கோட்டையில எந்தத் தெருவுல இருக்காரு?” என்றார்.

காளிராஜ் கரண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

“நாளைக்கு மொத பஸ்ஸுக்குப் போவோம்ணே. நானும் கூட வாரேன்.”