நூறு வைக்கோல் தாள்

எங்கள் வேதத்தில் யோபுவின் பெண்சாதிக்குப் பெயர் கிடையாது. பேசுவதற்கு ஒரே ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறார்கள், அதுவும் கெட்ட வார்த்தை. உடம்பெல்லாம் புண்ணாகி உட்கார்ந்திருக்கிற புருஷனிடம், கடவுளைத் திட்டிவிட்டுச் செத்துப் போ என்கிறாள். அதற்குப் பிறகு அவளைக் காணோம். பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தது அவளும்தானே என்று எந்தச் சாமியாரும் பிரசங்கத்தில் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அவள்மேல் இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு சித்திரை மாதம் ஊரில் என்னை யோபு பெண்சாதி என்றுதான் சொன்னார்கள்.

எங்கள் ராஜாவின் சமஸ்தானம் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். நாங்கள் ஆவூர்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம். என் வீட்டுக்காரர் வாத்தியார். மணமேல்குடிக்குத் தெற்கே, கடலோரத்து ஊர் ஒன்றில், மாதா கோயிலைச் சேர்ந்த சின்னப் பள்ளிக்கூடத்தில் அவருக்கு வேலை. மகளுக்கு மூன்று வயது. அவர் பிரம்பு எடுக்காத வாத்தியார். அந்தக் காலத்தில் அது பெருமை இல்லை. அடிக்கத் தெரியாதவருக்கு என்ன படிப்புச் சொல்லத் தெரியும் என்று பெற்றவர்களே கேலி செய்தார்கள். எனக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

முதுகில் வெளிறிய படை ஒன்று வந்தது. தேமல் என்று நினைத்துக் கண்டதையெல்லாம் அரைத்துப் போட்டோம். பிறகு கையிலிருந்து சாக்பீஸ் நழுவ ஆரம்பித்தது. ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில், எரிந்துகொண்டிருந்த அரிக்கன் விளக்கின் கண்ணாடியை வெறுங்கையால் பிடித்துத் தூக்கினார். பிடித்தபடியே என்னிடம் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கருகிய வாடை எனக்குத்தான் முதலில் தெரிந்தது. அவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குஷ்டம் என்றோ பெருவியாதி என்றோ இரண்டு பேருமே வாயால் சொல்லவில்லை.

அன்றிலிருந்து முழுக்கைச் சட்டை. வேகாத வெயிலிலும் முழுக்கைச் சட்டை. "யாருகிட்டயும் மூச்சு விடாத. வேல போச்சுன்னா நாம மூணு பேரும் பிச்சதான் எடுக்கணும்" என்றார். ஆறு மாதம் மூச்சு விடவில்லை. அவர் தட்டைத் தனியே கழுவி, மகளை அவர் பாயிலிருந்து தள்ளித் தள்ளிப் படுக்க வைத்து, அது ஏன் என்று அவள் கேட்டால் அடித்து வாயை அடக்கி, ஆறு மாதம். நான் பொறுமைக்காரி இல்லை. ஆறு மாதம் தாங்கியதே அதிகம்.

கன்னியாஸ்திரீகள் நடத்துகிற ஆஸ்பத்திரி ஒன்றில் இந்த வியாதிக்குப் புது மாத்திரை வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சாமியார் கடிதம் கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்களாம். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஒரு வியாழக்கிழமை கோயிலுக்குப் போனேன். சாமியார் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அங்கேயே, நின்ற வாக்கில், எல்லாவற்றையும் கொட்டினேன்.

என் வாழ்நாளில் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். பத்தடி தள்ளி, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத் தொட்டி இருந்தது. அங்கே முழந்தாளிட்டு இதையே சொல்லியிருந்தால், கழுத்தை வெட்டினாலும் அவர் வெளியே சொல்லியிருக்க முடியாது. தாழ்வாரத்தில் சொன்னதை அவர் சாமியாராகக் கேட்கவில்லை, பள்ளிக்கூட மேனேஜராகக் கேட்டார். கடிதம் எழுதுகிறேன் என்றார். எழுதவும் செய்தார். ஆனால் அதற்கு முன்னால், மறுநாள் காலையிலேயே, இனிமேல் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டாம் என்று இவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலமே தெருக் கிணற்றில் இவர் கை வைக்கக் கூடாது என்று ஊரில் பேசி முடித்தார்கள். எல்லாரும் இறைத்துப் போன பிறகு நான் மட்டும் இறைத்துக்கொள்ளலாமாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் யோபுவைப் பற்றிப் பிரசங்கம். எங்களுக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் சாமியார் நினைத்திருக்க வேண்டும். யோபுவிடமிருந்து ஆடு மாடு, பிள்ளை குட்டி எல்லாவற்றையும் பறித்த பிசாசு, பெண்சாதியை மட்டும் ஏன் விட்டுவைத்தது தெரியுமா, மிச்சத் துன்பத்தைக் கொடுக்க அவளே போதும் என்றுதான் என்றார். ஆண்கள் பக்கம் சிரித்தார்கள். பெண்கள் பக்கம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பூசை முடிந்ததும் சாமியார் கோயில் வாசலில், கேட்கும் தூரத்தில் பத்துப் பேர் இருக்க, யார் சொன்னது என்று அதுவரை தெரியாமல் இருந்த இவரிடம் சொன்னார்: "ஒங்க சம்சாரம் வந்து சொன்னதாலதான் தெரிஞ்சுச்சு வாத்தியாரே. நல்லதாப் போச்சு."

வீட்டுக்கு வந்ததும் இவர் மகளைத் தூக்கி நிறுத்தி, அவள் தலையில் கையை வைத்தார். ஆறு மாதமாக அவளைத் தொடாமல் இருந்த கை அது. "ஒன்ன நூறு அடி அடிக்காம ஒன் கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன். இந்தப் பிள்ள மேல சத்தியம்" என்றார்.

எனக்கும் நாக்கில் சனி. "குடிக்காட்டி சாவுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் நான் யாருடைய வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது.

கோபம் அரை நாளில் இறங்கிவிட்டது. சத்தியம் இறங்கவில்லை. பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை மீறினால் அது பிள்ளையைத்தான் கேட்கும் என்பதில் எங்கள் இருவருக்குமே சந்தேகம் இல்லை. ஞானஸ்நானம் வாங்கி எத்தனை தலைமுறை ஆனாலும் சில பயங்கள் தண்ணீரில் கரைவதில்லை. அவருக்குத் தண்ணீர் கொடுக்க அந்த ஊரில் என் கையை விட்டால் வேறு கை கிடையாது. பானையில் இருப்பதை நீங்களே மொண்டு குடியுங்களேன் என்றேன். "நீ எறச்ச தண்ணியும் ஒன் கைத் தண்ணிதான்" என்றார். வாத்தியார் இல்லையா, தன் சத்தியத்துக்கும் உரை எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் ஊருணிக்குப் போனார். சித்திரையில் அதில் சேறுதான் இருக்கும். அதைக்கூடத் தொட விடாமல், மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்கள் கல்லை எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்து சுவரோரம் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உதடு வெடித்துவிட்டது. அன்று மத்தியானம் மகளுக்குக் காய்ச்சல் அடித்தது. அடிக்காமல் விட்ட சத்தியம் பிள்ளையிடம் வந்துவிட்டது என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்துப் பிரம்பு ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. அதைக் கொண்டுபோய் அவர் முன்னால் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

"அடிங்க. நூறும் அடிங்க. நான் செத்தாலும் பரவாயில்ல, பிள்ள பொழைக்கட்டும்."

பிரம்பை எடுத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் விழவில்லை. திரும்பிப் பார்த்தால் பிரம்பைக் கீழே போட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தார். கண்ணீர் வரவில்லை. அவருடைய உடம்பில் அதற்குத் தண்ணீர் இல்லை. மாதாவே, நீயெல்லாம் ஒரு தாயா என்று நான் சத்தமாகவே கேட்டேன். தெருவில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும்.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் அக்கா இருந்தார். ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவர் புருஷன் மலாயாவில் கடை வைத்திருந்தார். மீமிசலில் கட்டிக்கொடுத்த மகளின் பிரசவத்துக்குப் போயிருந்த ராத்தா செவ்வாய்க்கிழமை காலை திரும்பி வந்தார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே செம்பில் தண்ணீரோடு வந்துவிட்டார். அவருக்கும் பயம் இருந்தது. செம்பைக் கொடுக்கவில்லை, எட்ட நின்று ஊற்றினார். நான் கழுவிய பாத்திரம் வேண்டாம் என்று இவர் இரண்டு கையையும் குவித்து ஏந்தினார். விரல் மூடவில்லை. ஊற்ற ஊற்றத் தண்ணீர் விரல் சந்து வழியாக மண்ணில் விழுந்தது. நான் என் கையை அவர் கைக்கடியில் கொடுத்திருந்தால் ஒரு வாய் நின்றிருக்கும். கொடுக்கக் கூடாதே. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு செம்பில் இரண்டு மடக்குக்கூட அவர் தொண்டைக்குப் போகவில்லை.

"இது எத்தன நாளைக்கு நடக்கும், தம்பி?" என்று ராத்தா கேட்டார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்தார். "எங்க அய்யூப் நபிக்கும் இதே சங்கடம் வந்துச்சு. பள்ளிவாசல் லெப்பை சொல்லிக் கேட்டிருக்கேன்."

அவர் சொல்லித்தான் தெரியும், எங்கள் யோபுதான் அவர்களுடைய அய்யூப் நபி. அதே புண், அதே புழு. ஆனால் அங்கே பெண்சாதிக்குப் பெயர் இருக்கிறது, ரஹிமா பீவி. ஊர் துரத்திய புருஷனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்திருக்கிறாள். சாப்பாட்டுக்கு வழியில்லாத ஒரு நாள் தன் சடையை அறுத்து விற்று ரொட்டி வாங்கி வந்திருக்கிறாள். முடி போனது எப்படி என்று தெரியாமல் நபி கோபப்பட்டு, உனக்கு நூறு அடி என்று ஆணையிட்டுவிட்டார். குணமான பிறகு தவித்தார். அடித்தால் பாவம், அடிக்காவிட்டால் ஆணை போச்சு. அப்போது அல்லாவே வழி சொன்னானாம்: நூறு புல்லை ஒன்றாகக் கட்டி ஒரே ஒரு தடவை தட்டு, நூறு அடி சரியாய்ப் போச்சு.

"நூறு ஈர்க்கு எடுத்துக் கட்டிக்க தம்பி, ஒரே அடி" என்றார் ராத்தா.

அந்த நிலைமையிலும் எனக்கு ரோஷம் வந்ததே, அதைச் சொல்ல வேண்டும். நூறு ஈர்க்கைக் கட்டினால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. "வெளக்குமாத்தால அடி வாங்கச் சொல்றீங்களா ராத்தா? அதுக்கு நூறு பிரம்படி வாங்கிக்கிறேன்" என்றேன். இவரும் சுவரைப் பிடித்து எழுந்துவிட்டார். "நான் வெளக்குமாறு தூக்குறவன் இல்ல" என்றார். சாகக் கிடந்த மனுஷன்.

"அடச் சீ, புல்லுன்னுதான் சொல்லியிருக்கு. எம் புத்தி ஈர்க்குக்குப் போச்சு" என்று ராத்தா தலையில் தட்டிக்கொண்டார். சித்திரை மாதம் அந்த ஊரில் பச்சைப் புல்லுக்கு எங்கே போவது? அவர் வீட்டு மாட்டுக்கு வைக்கோல் போர் இருந்தது.

இவருக்கு இன்னும் மனம் ஆறவில்லை. "நம்ம வேதத்துல இது இல்லியே. அவரு நபி, ஆண்டவரு நேரா சொன்னாரு. எனக்கு யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்ல" என்றார் ராத்தா.

ராத்தா உரக்க எண்ணி எண்ணி நூறு தாள் உருவிப் போட்டார். இவர் மறுபடி எண்ணச் சொன்னார். தொண்ணூற்றொன்பதாக இருந்தால் சத்தியம் பொய்யாகிவிடும் என்று பயம். இரண்டாம் தடவையும் நூறு வந்தது. கட்டு அவர் கையில் நிற்கவில்லை, மூன்று தடவை விழுந்தது. என் பழைய சேலையின் கரையைக் கிழித்து, அந்தக் கட்டை அவர் உள்ளங்கையோடு சேர்த்து நானே கட்டினேன். அவர் கையை நான் பிடித்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். விழுந்தது. மாடு வாலைச் சுழற்றினால் மேலே படுமே, அவ்வளவுதான். வலிக்கவில்லை.

"வலிச்சுச்சா?" என்று கேட்டார்.

ராத்தா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வலிக்காமல் இருக்கத்தானே அந்த வழியே என்று சொல்ல வந்திருப்பார். நான் அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். இவருடைய முகத்தில் இருந்த பயம் எனக்குப் புரிந்தது. வலிக்காத அடி எப்படி அடியாகும் என்று நினைக்கிறார். இல்லை என்று நான் சொன்னால் தண்ணீர் குடிக்க மாட்டார்.

"வலிச்சுச்சுங்க" என்றேன்.

"பொய் சொல்லாத."

"நெசமாத்தான். சுரீர்னு இருந்துச்சு." சொல்லிவிட்டு நன்றாக அழுதேன். அழுகைக்கு அன்று எனக்குப் பஞ்சமில்லை. அவர் நம்பினார். செம்பை அவர் வாயில் வைத்து நான் சாய்த்தேன். நாலு செம்பு குடித்தார். அன்று ராத்திரி மகளுக்கும் காய்ச்சல் விட்டது.

அடுத்த வாரம் சாமியார் கடிதத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்று மாட்டு வண்டியில், இரண்டு நாள். மாத்திரையில் வியாதி நின்றது, விரல்கள் திரும்பவில்லை. வேலையும் திரும்பவில்லை. பல வருஷம் கழித்து அவர் சாகிற வாரத்தில்கூட, "அன்னைக்கு நெசமா வலிச்சுச்சுல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அது பொய் என்று நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை, பாவசங்கீர்த்தனத்திலும் இல்லை. ஒப்புக்கொண்டால் அந்த அடி அடியில்லை என்றாகிவிடும், சத்தியம் இன்னும் பாக்கி என்றாகிவிடும், அது யார் தலையில் நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். மகளுக்கே இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இருந்தும், வலிக்கவில்லை என்று மேலே எழுதிய இடத்தில் பேனாவை வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். அடுப்படியிலிருந்து "என்னம்மா?" என்றாள். குரல் கேட்ட பிறகுதான் மிச்சத்தை எழுதினேன்.