தம்பியின் புதுநன்மை ஷூ

பள்ளிக்கூடம் போகும் முன்பே எனக்கு வீட்டில் ஓர் உத்தியோகம் கிடைத்துவிட்டது. தம்பிக்குக் கொடுக்கும் காப்பியை முதலில் நான் குடித்துப் பார்க்க வேண்டும். அவன் குளிக்கும் தண்ணீரில் முதலில் நான் கை விட வேண்டும். அவனுக்கு வலி தெரியாது, சூடு தெரியாது, எந்த வெயிலிலும் வியர்க்கவும் செய்யாது. பிறவியிலேயே அப்படி. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் சேர்ந்து வந்த கோளாறு என்று திருவனந்தபுரத்து டாக்டர் சொன்னார். யார் குடும்பத்துக் குற்றம் என்ற சண்டையாவது அதோடு ஓய்ந்தது.

பல் முளைத்த நாட்களில் நாக்கைக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டு சிரித்தவன் அவன். தினமும் சாயங்காலம் அம்மா அவனை விளக்கடியில் நிறுத்தி, பாதம், விரலிடுக்கு, நாக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். பார்த்து முடிக்கும்போது அவளுக்குப் பேசக்கூடத் தெம்பு இருக்காது. ஊராரோ அவனை ஊசிக்கு அழாத வீரன் என்று மெச்சினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவன் முதல் நற்கருணை வாங்கிய வருஷம், அதை நாங்கள் புதுநன்மை என்போம், துபாயிலிருந்து மாமா அவனுக்குக் கோட்டும் கறுப்பு ஷூவும் அனுப்பியிருந்தார். எனக்கு ஒன்றுமில்லை. நான் ஒரு வயது மூத்தவள் என்றாலும் இருவருக்கும் ஒரே கால் அளவு. வழக்கம்போல் ஷூவை முதலில் நான் போட்டு முற்றத்தில் நடந்தேன். குதிகாலில் கடித்தது. சொன்னேன்.

"ஒனக்கு ஒண்ணும் அனுப்பலண்ணுதானே ஏட்டி இந்த நடிப்பு?" என்றாள் அம்மா. பிறகு அவனுக்கு மாட்டிவிட்டு அவனையே கேட்டாள்: "ஒனக்கு கடிக்கா மக்கா?"

"இல்லம்மா" என்றான். அவன் எதற்குத்தான் ஆமாம் என்றிருக்கிறான்? ஒருநாளாவது தன் பிள்ளையும் மற்றப் பிள்ளைகளைப் போல நிற்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. நம்பிவிட்டாள்.

மே மாத வெயில், கோயில் நிறைய ஜனம். பூசை நடுவில் தம்பி முகம் சிவந்து, கண் செருகி, வரிசையிலேயே சரிந்தான். அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். அவர் மீன் விற்கக் கொண்டுபோகும் வண்டி கோயில் வாசலில்தான் நின்றது. பெட்டியிலிருந்து ஐஸை அள்ளி வாளித் தண்ணீரில் போட்டு, "ஏட்டி, ரொம்ப தணுப்பாண்ணு கைய விட்டுப் பாரு" என்று கத்தினார். பார்த்து, போதும் என்றேன். கோட்டைக் கழற்றி, துண்டை நனைத்து நனைத்துப் போர்த்தினார். ஷூவைக் கழற்றிய அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைக் காலுறை முழுக்க ரத்தம். குதிகாலில் சதையே பெயர்ந்திருந்தது. தம்பி மெல்லக் கண் திறந்து, "நன்மை குடுத்தாச்சா?" என்று கேட்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அம்மா அவன் காலை மடியில் வைத்தபடி சுவரில் சாய்ந்து கண் அயர்ந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "நான் அப்பவே சொன்னேம்லா" என்றேன்.

"சொன்னே மக்கா. நாந்தான் கேக்கல."

என் குதிகாலையும் நீட்டிக் காட்டினேன். அங்கும் கொஞ்சம் சிவந்திருந்தது. "நீதான் ஒடனே கழட்டிட்டியே" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

என் காலை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லையே என்று தலையணை நனைய அழுதேன். என்னைப் பார்த்துக்கொள்ள எனக்கு வலி இருந்தது, அவனுக்கு அம்மா மட்டும்தான் இருந்தாள் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.