ஈரச் சட்டை வருகிற இடம்

வீடியோ டெக்கும் டீவியும் வாடகைக்குக் கொண்டு போகிறவனுக்குச் சொந்த விருப்பம் என்று ஒன்று இருக்கக் கூடாது. இருந்தால் அவன் அந்தத் தொழிலில் ஒரு கிழமைகூடத் தாக்குப் பிடிக்க மாட்டான். எண்பதுகளின் முன்பாதியில் கல்முனைப் பக்கத்தில் நானும் என் மச்சான் சலீமும் செய்த தொழில் அதுதான். மோட்டார் சைக்கிளை நான் ஓட்டுவேன். பின்னால் சலீம் டீவியைப் பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு இருப்பான். டெக் எனக்கு முன்னால், பெட்ரோல் டாங்கியின் மேல், உடுத்துப் பழசான சாரனில் சுற்றியபடி. காலையில் ஒரு வீடு, பகலில் ஒரு வீடு, அசர் தொழுகைக்குப் பிறகு இன்னொன்று. வயர் சூடாகிறதா, கரண்ட் நின்றுவிடுமா, அடுத்த வீட்டுக்காரர் ஆள் அனுப்பிவிட்டாரா என்று எழும்பி எழும்பிப் பார்த்ததில், ஒரு படத்தையும் நான் முழுதாக உட்கார்ந்து பார்த்ததில்லை.

மோசமான படத்துக்கு மூன்று மணித்தியாலத்தைத் தாரை வார்த்துவிட்டு வந்தவர்கள்தானே நீங்களும்? அப்படியான படங்களிலும் ஓர் இடம் நன்றாக வந்திருக்கும், கவனித்திருப்பீர்கள். மற்றதெல்லாம் குப்பையாக இருக்கும். அந்த ஐந்து நிமிடம் மட்டும் வேறு யாரோ வந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனது போல இருக்கும். அப்படி ஒரு படம் எங்கள் தலையிலும் வந்து விழுந்தது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். பார்த்தவர்கள் இன்னும் கோபத்தோடுதான் இருக்கிறார்கள்.

சத்தம் நின்றுபோன படம்

கசட் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்த அன்றே சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்கு அதைக் கொண்டு போனோம். பெண்கள் மட்டும் பார்க்கிற வீடு. அப்படியான வீடுகளுக்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. டீவி உள்ளே ஹோலில் இருக்கும். கதவில் சீலை தொங்கும். டெக்கும் நாங்களும் வெளியே விறாந்தையில். நீளமான வயர் ஒன்று சீலைக்குக் கீழால் உள்ளே போகும். ஏதும் தேவையென்றால் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி 'காக்கா' என்று உள்ளேயிருந்து குரல் வரும். அவர்கள் படம் பார்ப்பார்கள், நாங்கள் படம் கேட்போம். சண்டை முடிந்ததும், பாட்டுத் தொடங்கியதும், தாய் செத்ததும் எங்களுக்குக் காதால்தான் தெரியும்.

அரை மணித்தியாலம் போவதற்குள் உள்ளே கொட்டாவிச் சத்தம் கேட்டது. இரட்டை வேடம், திருவிழாவில் தொலைந்த தம்பி, சிரிப்புக் காட்டுகிற பகிடிக்காரனுக்குத் தனியாக ஒரு கதை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் சத்தம் அப்படியே நின்றுபோனது. வசனம் இல்லை, இசை இல்லை, காற்றுச் சத்தம்கூட இல்லை. புதுக் கசட், முதல் வீடு! டேப்பில்தான் ஏதோ பழுது என்று நினைத்து முன்னுக்கு ஓட்டி, பகிடிக்காரன் கத்துகிற இடத்தில் கொண்டுபோய் விட்டேன். அவனுடைய குரலைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. உள்ளே ஒரே கூச்சல். சீலைக்குப் பின்னாலிருந்து ஓர் இளம் பெண்ணின் குரல் அழுகையும் கோபமுமாக வந்தது: "என்னத்துக்குக் காக்கா ஓட்டின நீங்க? இந்தக் குப்பைப் படத்துல மனிசர் பாக்கிறதுக்கு இருந்த இடமே அது ஒண்டுதான்!"

மருதமுனைக்காரரின் பொறுமை

அன்று வீட்டுக்கு வந்ததும் சலீமும் நானும் அந்த இடத்தை மட்டும் போட்டுப் பார்த்தோம். கதைக்குச் சம்பந்தமில்லாத ஒரு லொறிக்காரனும் அவனுடைய பெண்சாதியும். அவன் தூரப் பயணம் போகப் போகிறான். அவள் அவனுடைய சட்டைகளை மடித்துப் பையில் வைக்கிறாள். அவன் சவரம் செய்ய அந்தப் பக்கம் போனதும், அவ்வளவு சட்டையையும் வெளியே எடுத்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, கொடியில் போட்டுவிடுகிறாள். அவன் வந்து பார்க்கிறான். கொடி முழுக்கச் சட்டைகள் சொட்டிக்கொண்டிருக்கின்றன. அவள் சுவரோடு சாய்ந்து நிற்கிறாள். இருவரும் ஒரு சொல் கதைக்கவில்லை. அவன் ஒரு சட்டையை எடுத்து, பிழிந்து, ஈரத்தோடு போட்டுக்கொண்டு போய்விடுகிறான். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் படத்தில் வருவதேயில்லை. "இசை போடுறவர் அண்டைக்கு லீவுல நிண்டிருப்பார் மச்சான்" என்றான் சலீம். ஆனால் அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னான்.

அதற்குப் பிறகு அந்தப் படத்தை நாங்கள் அந்த ஒரு இடத்தை வைத்தே வியாபாரம் பண்ணினோம். "ஒரு இடம் வரும், இருந்து பாருங்க" என்று சொல்லிவிடுவோம். மருதமுனையில் ஒரு நெசவுக் கொட்டிலில், வெள்ளிக்கிழமை தறிகள் ஓய்ந்திருந்த நேரம், ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த ஆட்கள் அதை நம்பி உட்கார்ந்தார்கள். வில்லன் சிரித்தாலும் "இதா அந்த இடம்?" கதாநாயகி கால் தடுக்கி விழுந்தாலும் "இதா?" நான் தலையை ஆட்டி ஆட்டிக் களைத்துப் போனேன். கடைசியில் அவள் சட்டைகளை வெளியே எடுக்கத் தொடங்கிய அந்த நேரம் பார்த்துக் கரண்ட் நின்றது! யாரும் எழும்பவில்லை. புழுக்கத்தில் விசிறிக்கொண்டு இருந்தார்கள். கரண்ட் வந்ததும் கொஞ்சம் பின்னுக்கு ஓட்டிப் போட்டேன். விசிறிய கைகள் நின்றன. ஈரச் சட்டைக்காரன் போனதும் எல்லாரும் சாரனை உதறிக்கொண்டு எழும்பினார்கள். மிச்சப் படம் தறிகளுக்கு ஓடியது. சால்வையைத் தோளில் போட்டபடி வெளியே போன ஒரு பெரியவர் சொன்னார்: "தம்பி, இதுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் கிடக்கிறத வெட்டி எறிஞ்சிட்டா, இது நல்ல படம்."

சலீமின் தொகுப்பு

அந்தப் பெரியவர் பகிடிக்குச் சொன்னதைச் சலீம் வேதவாக்காக எடுத்துக்கொண்டான். எங்கேயோ இன்னொரு டெக்கை இரவல் வாங்கி வந்தான். எங்களிடம் இருந்த மோசமான படங்களையெல்லாம் அடுக்கி வைத்து, ஒவ்வொன்றிலும் உருப்படியாக இருந்த இடத்தை மட்டும் ஒரு கசட்டில் ஏற்றினான். மகன் தகப்பனைச் சந்தைக்குள் அடையாளம் கண்டும் காணாதவன் போலக் கடந்து போகிற இடம். கள்ளன் திருடப் போன வீட்டில் அழுகிற பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிவிட்டு வருகிற இடம். எங்கள் ஈரச் சட்டை. எல்லாம் பத்தரை மாற்றுத் தங்கம். "இனிப் படமே தேவல்ல மச்சான், இத வெச்சிக் கல்முனையையே கட்டி ஆளலாம்" என்று துள்ளினான்.

சவளக்கடையில் சூடு மிதித்து நெல்லை மூட்டை கட்டி முடித்த, வயல்காரரான ஒரு போடியார் தன் வேலையாட்களுக்காக எங்களைக் கூப்பிட்டிருந்தார். நெல் மூட்டைகளுக்கு நடுவில் டீவியை வைத்தோம். சலீமின் கசட் ஓடியது. முதல் காட்சியில் எல்லாரும் முன்னுக்கு நகர்ந்து இருந்தார்கள். அது முடிந்து அடுத்தது வந்ததும், "முந்தி அழுதவன் எங்க?" என்றார் ஒருவர். மூன்றாவதில் மூட்டையில் சாய்ந்தார்கள். ஈரச் சட்டை வந்தபோது ஒருவர் பீடி பற்ற வைக்க வெளியே போனார். எனக்கு அவர்கள் எல்லாரையும் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. போடியார் எங்களைப் பாவமாகப் பார்த்தார்: "பசி வாறதுக்கு முதல் பந்திய வெச்சிட்டீங்களே தம்பி! அந்த ஆக்கினைப் படம் எல்லாத்தையும் மூக்கு முட்டப் பார்த்தாத்தானே இந்தச் சட்டைக்காரன்ட அருமை வெளங்கும்."

ஒரே வீட்டுக்கு ஒரே படம்

சாய்ந்தமருது வீட்டிலிருந்து மட்டும் அந்தப் படத்துக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. நாங்கள் விறாந்தையில், சீலைக்குப் பின்னால் அதே இளம் குரல். "காக்கா, அந்த இடத்த இன்னொருக்கா." அந்த இடம் தேய்ந்து கோடு கோடாக வரத் தொடங்கியிருந்தது. டெக்கும் பழுதாகிவிடும் என்று சலீம் என் காதைக் கடித்தான். ஒரு நாள் அந்தப் பெண்ணின் உம்மாவே தேத்தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டுத் தூணோரம் நின்றார். மகளின் பெயர் பரீதா. கலியாணம் முடித்துப் புதுப்பாய் பழசாகும் முன்னமே மாப்பிள்ளை ஜவ்பர் சவூதிக்குப் போய்விட்டார். நோன்புப் பெருநாளைக்கு லீவில் வருகிறாராம். வந்துவிட்டு இன்னொரு தரம் போவாராம். "போக வேணாம் எண்டு மகள் சொல்ல மாட்டாவா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். உம்மா சீலைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "அவளுக்கு வாய் வராது மகன். இந்தப் படத்தப் போட்டுத்தான் அழுவாள்."

ஜவ்பர் காக்கா வந்த பிறகு

பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில் அந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது. இந்த முறை வீட்டில் ஆண்கள் இருந்ததால் நாங்களும் டெக்கோடு ஹோலுக்குள் போனோம்; பெண்கள் உள்ளறையில், கதவுச் சீலைக்குப் பின்னால். ஜவ்பர் காக்கா கையில் புது மணிக்கூட்டோடு கதிரையில் இருந்தார். மூலையில் கட்டிலோரம் பெட்டி ஒன்று பாதி அடுக்கியபடி திறந்து கிடந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பயணம் என்று அவரே சொன்னார். அவர் கேட்டது சண்டைப் படம். "அது வேணாம், காக்காட்ட அந்தப் படத்தப் போடச் சொல்லுங்க உம்மா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. உம்மா எங்களைப் பார்த்தார். நான் அந்தப் படத்தைப் போட்டேன்.

ஜவ்பர் காக்கா நல்ல மனிதர், ஆனால் அன்றைக்குப் பொறுமை இல்லாதிருந்தார். "இதென்ன தம்பி, இதுக்கா இந்த ஊட்டுல இவ்வளவு கிராக்கி?" என்று பத்துத் தரம் கேட்டிருப்பார். எங்களுக்கும் அடுத்த வீட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சலீம் வாசலையும் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தான். அந்த இடம் வந்தது. கோடுகளுக்கு நடுவில் சட்டைகள் தண்ணீருக்குள் போயின, கொடியில் ஏறின. ஜவ்பர் காக்கா கேள்வி கேட்பதை நிறுத்தினார். லொறிக்காரன் சட்டையை எடுக்கக் கையை நீட்டினான். "நிப்பாட்டுங்க காக்கா" என்றாள் பரீதா.

நிறுத்தினேன். படம் நடுங்கிக்கொண்டு நின்றது. "ஓட விடுங்க தம்பி" என்றார் ஜவ்பர் காக்கா. "விட வேணாம் காக்கா" என்றது சீலை. என் விரல் பட்டனிலேயே ஒட்டிப்போனது. அவர் மூலையில் கிடந்த பெட்டியைப் பார்த்தார், சீலையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்: "ஏன் தம்பி, அவள் வாயத் தொறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா இவன் போயிருப்பானா?" அந்தக் கேள்வி எனக்கு இல்லை என்பது எனக்கும் விளங்கியது. ஆனாலும் வேற்று ஆண்கள் இருக்கிற இடத்தில் ஒரு பெண் தன் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் கதைப்பது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். சீலை அசைந்தது.

"போகாதீங்க" என்றாள். உம்மாவிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. சலீம் வாசலை மறந்துவிட்டான். நின்று நின்று களைத்த டெக் தானாகவே ஓடத் தொடங்கியது; லொறிக்காரன் சட்டையைப் பிழிந்து போட்டுக்கொண்டு போனான். அவனை யாரும் பார்க்கவில்லை. ஜவ்பர் காக்கா எழும்பிப் போய்ப் பெட்டியின் மூடியைச் சாத்தி, காலால் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். திரும்பி வந்து என் முன்னால் நின்றார்: "கழட்டுங்க தம்பி. மிச்சம் வேணாம், எங்களுக்குப் படம் முடிஞ்சிட்டு."

அந்த ஞாயிறும் அவர் போகவில்லை, அதற்குப் பிந்திய எந்த ஞாயிறும் போகவில்லை. அந்தக் குப்பைப் படத்துக்கென்று எங்களுக்கு இருந்த ஒரேயொரு நிரந்தர வாடிக்கை வீடு மட்டும் அன்றோடு கைவிட்டுப் போனது.