ஏழு தகப்பன் பெயர்கள்

மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் நான் டெபனர் என்கிற மூலைக்கடை வைத்திருந்த காலம் அது. பாலையும் பியரையும்விட வெளிநாட்டுக்குப் பேசும் போன் கார்டுதான் அதிகம் விற்கும். அந்த எரித்திரியப் பொடியனும் கார்டு வாங்கத்தான் வந்தான். புவாண்ட்-கிளேரில் ஒரு சாமான் கிடங்கில் வேலை. எங்கள் சனம் கூப்பிடுவதைக் கேட்டு என்னை "அண்ணை" என்பான். மிச்சமெல்லாம் அரைகுறை ஆங்கிலமும் பிரெஞ்சும்.

ஒருநாள், கல்யாணம் கட்டப் போகிறேன் என்று பெண்ணின் பெயரைச் சொன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருவருக்கும் கடைசிப் பெயர் ஒன்று!

"தங்கச்சியையோ கட்டப் போறாய்?"

விழுந்து விழுந்து சிரித்தான். அது குடும்பப் பெயரே இல்லையாம், தகப்பன் பெயராம். புனிதர் ஒருவரின் பெயர் என்பதால் தெருவுக்கு நாலுபேர் வைத்திருப்பார்களாம். நான் என் தலையில் குட்டிக்கொண்டேன். என் பெயருக்குப் பின்னால் நிற்பதும் என் அப்பாதானே! கனடாவில் என் மகனுக்கும், பாரிஸில் என் அண்ணையின் பிள்ளைகளுக்கும் இன்று அவர்தான் குடும்பப் பெயர். மனிதர் தனக்கே தெரியாமல் ஒரு வம்சத்தைத் தொடக்கிவிட்டார்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பெண்ணின் தகப்பனும் இவனும் ஒரே பகுதிக்காரர். தகப்பன், பாட்டன், பூட்டன் என்று ஏழு தலைமுறைப் பெயரைச் சொல்ல வேண்டும். இரண்டு வீட்டு முன்னோரும் எங்காவது ஒரே ஆளில் வந்து சேர்ந்தால் இரத்த உறவு, கல்யாணம் கிடையாது. இவனோ சிறுவயதிலேயே தகப்பனை இழந்து சூடானில் அகதி முகாமில் வளர்ந்தவன். பாட்டனுக்கு மேல் ஒன்றும் தெரியாது. ஏழு பெயரையும் கொண்டுவந்தால் பேசலாம் என்று பெண்ணின் தகப்பன் சொல்லிவிட்டார். பொடியன் சோறு தண்ணீர் இல்லாமல் வாடிப்போனான்.

அந்தக் குளிர்காலம் முழுக்கக் கார்டுகளைக் கரைத்தான். ஸ்டாக்ஹோமில் பாட்டனின் தம்பி ஒருவர் கிடைத்தார். அவருடைய கடைசிப் பெயர் பூட்டனின் பெயர். அவர் ரோமில் இருந்த இன்னொரு சொந்தக்காரரைக் காட்டினார், அவருக்கோ வேறு கடைசிப் பெயர். ஒரே இரத்தத்தை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு குடும்பமாகப் பதிந்து வைத்திருந்தது. போனவர்கள் சுமந்துபோன பெயர்களைத்தான் இவன் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டு வாங்கினான். கடைசியாக அஸ்மராவில் ஒரு கிழவி, இருமி இருமி, மிச்சத்தைச் சொல்லி முடித்தாள்.

பெண் கேட்க மாப்பிள்ளை பக்கத்தில் பெரியவர்கள் போக வேண்டும். அவனுக்கு மொன்றியலில் ஆர் இருக்கிறார்கள்? என்னைக் கூப்பிட்டான். என் மனைவி விடுவாளா?

"உங்கட பூட்டன்ர பேரே உங்களுக்குத் தெரியாது. அங்க போய் என்னத்தைக் கதைக்கப் போறியள்?"

கோட்டை மாட்டிக்கொண்டு போனேன்.

பெண் வீட்டில் கோப்பியும் சோளப்பொரியும் வந்தன. சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. பொடியன் எழுந்து நின்று சொல்லத் தொடங்கினான். பாஷை தெரியாத நான் விரல் மடித்து எண்ணினேன். ஐந்தாவதில் நின்றுவிட்டான். தொண்டையைச் செருமினான், ஆறு வந்தது, ஏழும் வந்தது. பெண்ணின் தகப்பன் கண்ணை மூடி, தன் பக்கத்துப் பெயர்களை உதட்டுக்குள் ஓட்டிப் பார்த்தார். இவன் நிறுத்தவில்லை. எட்டாவதையும் சொன்னான்.

அவர் கண்ணைத் திறந்து ஆங்கிலத்தில் கேட்டார்:

"எட்டை யார் கேட்டது? எனக்கே ஏழுதான் தெரியும்!"

சம்மதம் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. அதற்குள் சமையலறையிலிருந்து பெண்ணின் தாய் போட்ட குலவை அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். மாப்பிள்ளை வீட்டார் என்று இருந்தது நான் ஒருவன்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்து நின்றேன்.