முந்திரிப்பழக் கலர்

அரியலூரில் எங்களுக்கு ஒரு சோடா கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் ஓட்டு வீட்டின் முன் அறையும் ஒரு மிஷினும்தான். என் வீட்டுக்காரர் மிஷினைச் சுற்றுவார். நான் கலர் சோடாவுக்கு எசன்ஸ் கலந்து கோலி பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பேன். பாட்டில் வெடித்தால் கண் போய்விடும். அதனால் சுற்றும்போது முகத்துக்குக் கம்பிவலை கட்டிக்கொள்வார். அடைத்த பாட்டிலை உடனே தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவிடுவோம். சூடு ஏறினாலும் வெடிக்கும்.

ஒரு பங்குனியில் அவர் கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் தங்கை வீட்டுக்குப் போய்வந்தார். வரும்போது ஒரு கூடை முந்திரிப்பழம் கொண்டுவந்தார். அங்கே கொட்டையைத் திருகிக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுவார்கள். மாடு தின்னும்.

"சும்மா கெடக்குது புள்ள. இதுல கலர் போட்டா எசன்ஸே வேணாம்."

"தொண்டையில காறுமே."

"கஞ்சித்தண்ணி ஊத்தி வச்சா காறலெல்லாம் அடியில எறங்கிடும். தங்கச்சி வூட்டுல அப்படித்தான் குடிக்கிறாங்க."

பழத்தைப் பிழிந்து, கஞ்சித்தண்ணீர் ஊற்றி வைத்தோம். இறங்கியது. தெளிவை இறுத்து, சர்க்கரை போட்டு, எலுமிச்சை பிழிந்தோம். குடித்துப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. தங்கை வீட்டில் பிழிந்த கையோடு குடிக்கிறார்கள். நாங்கள் சாயங்காலமே கேஸ் ஏற்றி அடைத்துவிட்டோம். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தோம்.

மறுநாள் கல்லங்குறிச்சியில் தேர்க் கூட்டம். விடிந்ததும் சைக்கிள் கேரியரில் இரண்டு பெட்டி வைத்துக் கட்டினார். அங்கே சர்பத் கடை போடும் பாய் எங்களிடம்தான் சோடா எடுப்பார்.

"பாய் கடையிலேயே வச்சு விக்கிறேன். சாயந்திரம் வரேன்" என்று கிளம்பிவிட்டார். மிச்சப் பாட்டில்கள் தொட்டியில் கிடந்தன.

வெயில் ஏறியபோது தொட்டிக்குள் படார் என்றது. தண்ணீர் ஓடு வரைக்கும் அடித்தது. பழைய பாட்டில் போய்விட்டது என்று கிட்டே போனேன். கள் வாடை அடித்தது. அப்படியே நின்றேன். வெறும் சோடா என்றால் நாங்கள் ஏற்றிய கேஸ் மட்டும்தான் இருக்கும். இது உள்ளே புளித்துத் தானாகவும் ஏறிக்கொண்டிருக்கிறது. நிற்கும்போதே இன்னொன்று வெடித்தது.

தண்ணீரில் கிடந்ததற்கே இப்படி. அவர் கொண்டுபோனது வெயிலில் இருக்கிறது, கூட்டத்துக்கு நடுவில்.

கதவைச் சாத்தினேன். கம்பிவலை ஆணியில் தொங்கியது. எடுத்துக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் நிற்க இடம் இல்லை. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டேன்.

"கையில என்னம்மா, எலிப்பொறியா?" என்றார் கண்டக்டர். தேர் நிலைக்குத் தூரத்திலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து ஆட்களைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

சர்பத் கடையில் ஒரு நீளப் பெஞ்சு. அதில் பெண்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பெட்டி இரண்டும் அந்தப் பெஞ்சுக்கு அடியில் இருந்தன.

"நீ எதுக்கு வந்த? வூட்டை யாரு பாக்குறா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"வெடிக்குது."

"எது?"

"முந்திரிப்பழம். தொட்டியிலயே ரெண்டு போயிடுச்சு. புளிச்சிருக்குங்க."

அவர் பெஞ்சைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. சர்பத் கடை பாய் காதில் விழுந்துவிட்டது.

"நுரை பொங்குறப்பவே கேட்டேன், இது கலரா கள்ளான்னு. உன் புருஷன் சிரிக்கிறாரு."

"முதல்ல ஆளுங்களை எழுப்புங்க பாய். வெடிக்கும்னு சொல்லுங்க" என்றேன்.

"வெடிக்கும்னு சொன்னா இன்னும் நூறு பேரு வேடிக்கை பாக்க வருவான்" என்றவர், திடீரென்று கத்தினார். "பாம்பு! பெஞ்சுக்கு அடியில பாம்பு!"

பெஞ்சு காலியாகிவிட்டது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எனக்கு மூச்சு வந்தது. என் வீட்டுக்காரர் பெட்டி மேல் போட ஒரு சாக்கை நனைக்கக் குனிந்தார். அதற்குள் தலையில் துண்டு கட்டிய ஒருத்தர் மூங்கில் கம்போடு வந்துவிட்டார். பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

"எங்க பாய்? நல்லதா, விரியனா?"

"பாம்பு இல்லண்ணே, வெளிய வாங்க!" என்று கத்தினேன்.

"நீ பயப்படாத தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே கம்பைப் பெஞ்சுக்கு அடியில் விட்டுக் குத்தினார்.

கண்ணாடி இடிபடும் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் பாய்ந்து கம்பைப் பிடித்து இழுத்தார். பாட்டில் ஒன்று வெடித்தது. அவர் வலது கையிலிருந்து ரத்தம் கொட்டியது.

"கடிச்சிடுச்சா?" என்றார் கம்புக்காரர்.

பாய் அவரைப் பிடித்துத் தள்ளினார். தன் தோளில் கிடந்த துண்டால் என் வீட்டுக்காரர் கையைக் கட்டினார். துண்டு சிவந்துகொண்டே வந்தது. கூட்டம் திரும்பவும் நெருங்கியது. பெட்டியில் மற்ற பாட்டில்கள் அப்படியே இருந்தன. அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். இதை விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

"வேணாம் புள்ள" என்றார் அவர்.

"ஆளை மட்டும் தள்ளி நிறுத்துங்க பாய்."

கம்பிவலையை முகத்தில் கட்டினேன். ஒரு பாட்டிலை மெதுவாக உருவினேன். ஈரச் சாக்கில் சுருட்டி, கழுத்தை மட்டும் வெளியே விட்டு, ஆள் இல்லாத பக்கம் திருப்பிக்கொண்டேன். சோடா உடைக்கும் மரக்கட்டையால் கோலியை அழுத்தினேன். சீறிக்கொண்டு நுரை மண்ணில் பாய்ந்தது. அடுத்தது.

"மண்ணுல ஊத்துறியே தாயி, என் வாயில ஊத்தக் கூடாதா?" என்றான் ஒருத்தன். மதுவிலக்கு இருந்த காலம். சிரித்தார்கள். நான் நிமிரவில்லை.

இரண்டாவது பெட்டியில் ஒன்றுக்குக் கோலி இறங்கவே இல்லை. கட்டையின் மேல் மார்பை வைத்து முழு எடையையும் கொடுத்தேன். பாட்டில் கைக்குள் அதிர்ந்தது. எறிந்துவிடலாம் என்று தோன்றியது. எந்தப் பக்கம் எறிவது? எல்லாப் பக்கமும் ஆள். இன்னொரு தடவை அழுத்தினேன். இறங்கியது.

கூட்டத்தில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அரியலூர் ஆஸ்பத்திரியில் அவருக்குத் தையல் போட்டார்கள். கை ஆறியது. கட்டைவிரல் மட்டும் அதன்பிறகு மடங்கவே இல்லை. மிஷின் கைப்பிடியை அந்தக் கையால் பிடிக்க முடியவில்லை. கோடை முடிய இன்னும் நாள் இருந்தது. நான் சுற்ற ஆரம்பித்தேன்.

சுற்றுவது பெரிய கஷ்டம் இல்லை. பக்கத்தில் ஒரு பாட்டில் வெடித்தாலும் கையை நிறுத்தாமல் சுற்ற வேண்டும். அது பழகத்தான் நாளானது.