துரைக்கு விழுந்த அரைப்பேர்

ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தில் எதை எழுதுவது என்பதைவிட எதை எழுதாமல் விடுவது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. முப்பத்துநான்கு வருஷம் அரசாங்கக் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவள் நான். அப்படிப்பட்ட கடிதங்கள் பலவற்றுக்கு வரைவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது என் மாமாவுக்கு வந்த கடிதத்துக்கு இணையான ஒன்றை இன்றுவரை என்னால் எழுத முடிந்ததில்லை. ஒரு காரினால் வந்த வினை அது. கடிதத்தில் காரைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

மாமா அம்மாவின் தம்பி. தலவாக்கலைக்கு நாலு மைல் மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே அவர் கணக்கப்பிள்ளை. இருட்டோடு பெரட்டுக் களத்தில் ஆட்களை எண்ணி மலைக்கு அனுப்புவார். சாயங்காலம் செக்ரோல் புத்தகத்தில் அவரவர் பெயருக்கு நேரே அன்றைய வேலையைப் பதிவார். முழுநாள் நின்றவருக்கு ஒன்று என்று போட்டால் அது முழுப்பேர். பாதியில் போனவருக்கு அந்த ஒன்றுக்குக் கீழே ஒரு கோடு இழுத்து இரண்டு என்று எழுதினால் அரைப்பேர். முழுசை அரையாக்க ஒரு நொடி போதும். அரையை முழுசாக்க வேண்டுமென்றால் அழிக்க வேண்டும். மாமாவிடம் அழிரப்பர் இருந்ததில்லை.

அந்த வருஷம் எனக்குக் கடும் காய்ச்சல் வந்து, அம்மா உச்சிப்பொழுதில் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு எங்கள் லயத்து வீட்டுக்கு ஓடிவந்தாள். சாயங்காலம் மாமா எனக்கு ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு அரைப்பேர் போட்டுவிட்டுத்தான் வந்தார். சட்டப்படி சரிதான். அன்றிலிருந்து அம்மா தம்பியோடு நேராகப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். பேச்செல்லாம் என் வழியாகவே போனது. ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, “ஒங்க மாமாவக் கொழம்பு ஊத்திக்கச் சொல்லு புள்ள” என்பாள். நான் சொல்வேன். அவரும் ஊற்றிக்கொள்வார்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் சுற்றுவட்டாரத் தோட்டத் துரைமார்களுக்குக் கார் ஓட்டப் பந்தயம் வைக்க வேண்டும் என்று தோன்றியது.

அவர்களுடைய கிளப்புக்குப் பக்கத்து மைதானத்தைச் சுற்றி ஒரு பாதை வெட்டினார்கள். வெட்டினார்கள் என்றால் எங்கள் ஆட்கள் வெட்டினார்கள். இரண்டு வாரம் மண் சுமந்து, திமிசு போட்டு இடித்து, கோழிமுட்டையைப் படுக்கவைத்ததுபோல் ஒரு வட்டம் உண்டாயிற்று. உள்பக்கமும் வெளிப்பக்கமும் கயிறு கட்டி வண்ணக் காகிதம் ஒட்டினார்கள். துரைமார் ஆறு பேர் தாங்கள் தினமும் ஓட்டும் கார்களையே, விளக்குகளைக் கழற்றிவிட்டு, கதவில் சுண்ணாம்பால் நம்பர் எழுதிக் கொண்டுவருவதாக ஏற்பாடு. ஏழாவது ஆள் கொழும்பிலிருந்து வந்தார். கார் ஓட்டுவதே அவருக்குத் தொழில் என்றும், ஊர் ஊராகப் போய் இப்படிச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பிழைக்கிறார் என்றும் பேசிக்கொண்டார்கள். எங்கள் லயத்தில் யாரும் நம்பவில்லை. “கெளம்புன எடத்துக்கே திரும்பி வர்றதுக்கு ஒரு சம்பளமா?” என்று அம்மா கேட்டாள்.

பத்துச் சுற்று. ஏழு கார். யார் எத்தனை சுற்று முடித்தார் என்று எண்ண ஒரு ஆள் வேண்டும். துரைமார்கள் எண்ணினால் மூன்றாவது கிளாசுக்குப் பிறகு கணக்கு தப்பும் என்று அவர்களுக்கே தெரியும். எங்கள் பெரிய துரைதான் பெருமையோடு மாமாவைச் சுட்டிக்காட்டினார். இருட்டிலும் மழையிலும் முந்நூறு ஆளை எண்ணுகிறவன், ஒரு தலை தப்பியதில்லை என்றாராம். அன்று பந்தயத்தைப் பார்க்க வந்து நிற்கும் ஆட்களுக்கெல்லாம் ஒரு முழுப்பேர் என்றும் அவரே உத்தரவு போட்டார். வேடிக்கை பார்க்கக் கூலி! அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்தில் அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை.

காலையில் மாமா கோட்டை மாட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். அம்மா என்னைப் பார்த்துப் பேசவில்லை. பல நாளைக்குப் பிறகு நேராக அவரையே பார்த்தாள்.

“எங்களுக்குன்னா கோடு இழுக்க ஒனக்குக் கை நீளும். தொரை பாதியில வந்தா அவருக்கு அரைப்பேர் போடுவியாடா?”

மாமா சிரித்துக்கொண்டே போய்விட்டார். அக்கா பேசிவிட்டாள் என்ற சந்தோஷம் அவருக்கு.

எங்களுக்கு இடம் கிடைத்தது கிளப்புக்கு எதிர்க்கோடியில், பாதை வளையும் முடுக்கில். நூறு பேர் கயிற்றோரம் நெருக்கிக்கொண்டு நின்றோம். முதல் கார்கள் எங்களைக் கடந்தபோது நான் காதைப் பொத்திக்கொண்டு அம்மாவின் இடுப்பில் முகத்தைப் புதைத்தேன். தேயிலை ஃபெக்டரியின் இயந்திரங்களையெல்லாம் அவிழ்த்து மைதானத்தில் விரட்டிவிட்டதுபோல் ஒரு சத்தம். கண்ணைத் திறந்தபோது அவை மறுபடியும் வந்துகொண்டிருந்தன. கொழும்புக்காரரின் பச்சைக் கார் முன்னால். அடுத்தது எங்கள் பெரிய துரையின் வெள்ளைக் கார், நாலாம் நம்பர்.

ஆறாவது சுற்றில் பனி இறங்கியது. ஆற்றுப் பக்கமிருந்து வந்து மைதானத்தின் நடுவில் படுத்துக்கொண்டது. கிளப் மறைந்தது. அதன் முன்னால் எல்லைக்கோட்டோரம் மாமா உட்கார்ந்திருந்த மேசையும் மறைந்தது. எட்டாவது சுற்றில் பச்சைக் கார் எங்களைத் தாண்டிப் பனிக்குள் போயிற்று. பின்னாலேயே வந்த வெள்ளைக் கார் வளைவில் திரும்பவில்லை.

அது எங்களை நோக்கி வந்தது.

ஒரு சத்தமும் எனக்கு நினைவில்லை. கதவில் இருந்த நாலு பெரிதாகிக்கொண்டே வந்தது மட்டும் நினைவிருக்கிறது. சேறு என் பாவாடையிலும் முகத்திலும் அறைந்தது. கயிற்றுக்கு ஒரு முழம் இருக்கும்போது கார் அப்படியே சுழன்று நின்றுவிட்டது. யாரும் ஓடவில்லை, ஓட வேண்டும் என்று தோன்றுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கண்ணாடிக்குள் துரையின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவர் எங்களைப் பார்த்தார். அம்மாவையும் பார்த்தார். பாதை இடதுபக்கம் கிடந்தது. அவர் அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, காரை நேரே விட்டார். உள்கயிற்றை அறுத்துக்கொண்டு, மைதானத்தின் நடுவே குறுக்காகப் பனிக்குள் புகுந்து போய்விட்டார். சுற்றில் பாதி மிச்சம்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண் என் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “கண்டும் காணாம இருங்கடி” என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

பந்தயம் முடிந்ததும் எல்லோரும் கிளப் பக்கம் ஓடினோம். வெள்ளைக் கார்தான் முதலாவதாக வந்திருந்தது. துரைசானி கோப்பையோடு நின்றாள். பச்சைக் காரின்மேல் சாய்ந்துகொண்டு கொழும்புக்காரர் சிகரெட் பற்றவைத்தார். முன்னால் போய்க்கொண்டிருந்தவருக்குத் தனக்கும் முன்னால் இன்னொரு கார் எங்கிருந்து முளைத்தது என்ற சந்தேகம் வராமலா இருந்திருக்கும்? ஆனாலும் அவர் வாய் திறக்கவில்லை.

முடிவைப் படிக்கும் பொறுப்பு தோட்டத்துப் பெரிய கிளாக்கருக்கு. யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு மாமாவின் புத்தகத்தை வாங்கிப் படித்தார். ஒன்றாம் நம்பர் பத்து. இரண்டாம் நம்பர் பத்து. மூன்றாம் நம்பர் ஏழில் நின்றது. நாலாம் நம்பர் என்றார். அங்கே நின்றுவிட்டார்.

“உதென்ன கணக்கப்பிள்ளை, ஒன்பதரை எண்டு போட்டிருக்கிறீர்?”

குழாயை எடுக்க மறந்துவிட்டார். மைதானம் முழுக்கக் கேட்டது.

“அரைப்பேருங்க ஐயா. ஒரு சுத்து முழுசா சுத்தலைங்க. குறுக்கால வந்துட்டாருங்க.”

“ஆர் கண்டது?”

மாமா வெள்ளைக் காரைக் காட்டினார். அதன் முன்பக்கத்தில் உள்கயிறு சிக்கி, சிவப்பும் மஞ்சளுமாகக் காகிதங்கள் கல்யாண வண்டிபோல் தரையில் புரண்டு கிடந்தன. பிறகு அவர் எங்கள் பக்கம் திரும்பினார். பெரட்டில் கேட்பதுபோல் சாதாரணமாகத்தான் கேட்டார்.

“கோடி முடுக்குல நின்னவங்க சொல்லுங்க. பாத்தீங்கதானே?”

பார்ப்பதற்கென்றே முழுப்பேர் வாங்கிய நூறு பேர். ஒருவர் இருமினார். அவ்வளவுதான். நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் உள்ளங்கை என் வாயை மூடியது. கொழுந்துக்கறை படிந்த கை. இன்றைக்கும் அந்தக் கசப்பு நாக்கில் வரும். நிமிர்ந்து பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் துரை வந்தார். கயிற்றைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். திடீரென்று உரக்கச் சிரித்து, “சரி, சரி! கணக்கப்புள்ளை எழுதினா எழுதினதுதான்!” என்று தம் தமிழில் சொல்லி, கோப்பையைத் துரைசானியிடமிருந்து வாங்கிக் கொழும்புக்காரரிடம் தாமே கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கொழும்புக்காரர் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே மேசைக்கு நடந்து, அத்தனை துரைமார் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்ல எண்ணத்தோடுதான் செய்திருப்பார். அரைப்பேரைக்கூடத் துரை மறந்திருக்கலாம். அந்தக் கைகுலுக்கலை மறக்க வழியில்லை.

திரும்பி வரும்போது மூன்று பேரும் ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். துரையே ஒத்துக்கொண்ட பிறகு என்ன பயம் என்று நான் குதித்துக்கொண்டு போனேன். அம்மா அழுதுகொண்டு வந்தாள்.

“ஏண்டா இப்படிப் பண்ணுன?”

“நீதானக்கா கேட்ட.”

கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு மாமா கேட்டார்.

“நீயும் அந்த முடுக்குலதானே நின்ன? பாத்தியாக்கா?”

“ஒரே பனிடா. கைய நீட்டுனா கை தெரியல.”

நான் அப்படியே நின்றுவிட்டேன். கார் என்மேல் வந்தபோதுகூட எனக்கு அப்படித் தூக்கிவாரிப்போடவில்லை. அம்மா பொய் சொல்வாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மாமா என் பக்கம் திரும்பினார். காய்ந்துபோன சேற்றை, பாவாடையின் ஓரத்திலிருந்து மேல்வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

“புள்ள பாவாடையெல்லாம் சேறு. தொவச்சுப் போடுக்கா” என்றார்.

பதினோராம் நாள் கடிதம் வந்தது. அதற்குள் அடுத்த மாதம் பிறந்துவிட்டது. தோட்ட நிர்வாகத்தைச் சீரமைப்பதால் கணக்கப்பிள்ளைப் பதவி ஒன்று தேவைப்படவில்லை. இதுவரை செய்த வேலைக்கு நன்றி. நாலு நாளில் வீட்டை ஒப்படைக்கவும். மூன்று வாக்கியம். தேவைப்படாத அந்தப் பதவிக்கு நாலாம் நாளே வேறொருவர் வந்தார். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய ஒரு வழி இருந்தது. அதற்கு என்னென்ன எழுத வேண்டும், யாருக்கு எத்தனை பிரதி அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் இன்று எனக்குத் தலைகீழ்ப் பாடம். சாட்சி வேண்டும் என்பதும் தெரியும்.

மாமாவுக்கு உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலை கிடைத்தது. பேர் போடுகிறவராகப் போகவில்லை. பேர் போடப்படுகிறவராகப் போனார். அவர் புறப்பட்ட அன்று அம்மா உச்சிப்பொழுதில் கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு தலவாக்கலைக்கு வந்தாள். பஸ் கிளம்பும்வரை இருவரும் மழையைப் பற்றியும் பெட்டியின் பூட்டைப் பற்றியும் பேசினார்கள். நடுவில் நான் தேவைப்படவில்லை.

நாங்கள் திரும்பியபோது புதுக் கணக்கப்பிள்ளை பேர் போட்டுக்கொண்டிருந்தார். இளவயசுக்காரர், நல்ல மாதிரி.

“அக்கா, ஒங்களுக்கு முழுப்பேரே போட்டுட்டேன். தம்பிய அனுப்பத்தானே போனீங்க.”

“அரை நாள்தாங்க நின்னேன். அரைப்பேர் போடுங்க.”

“விடுங்கக்கா. யாரு கேக்கப்போறா?”

“போடுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே ஒன்றுக்குக் கீழே கோடு இழுத்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இதற்காகத்தானே மாமாவோடு அத்தனை நாள் பேசாமல் இருந்தாள்? அம்மா அதோடு போகவில்லை.

“காரு ஓடுன அன்னைக்கும் எனக்கு ஒரு முழுப்பேர் விழுந்திருக்கு. அதையும் அரையாக்கிடுங்க.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அது போன மாசமுங்க. செக்ரோல் ஆபீசுக்குப் போயிருச்சு. இனிமே திருத்த முடியாதுங்களே” என்றார்.

முறைப்படி அவர் சொன்னது சரி. முடிந்த மாதத்தின் பதிவில் யாரும் கைவைக்க முடியாது. அம்மா அதைக் கேட்டும் அங்கேயே நின்றாள். புத்தகத்தை மூடி, மைக்கூட்டை மூடி, அவர் எழுந்து போன பிறகும் நின்றாள். எனக்குப் பசி. கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. அம்மாவுக்கு இன்று என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நான் முன்னால் லயத்துக்கு நடந்தேன்.